ஒரு கோடும் சில கோடிகளும்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தவறாமல் இடம்பெறும் ஒரு பயிற்சி உண்டு. இரண்டு புள்ளிகள் தரப்பட்டிருக்கும். அவற்றின் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காண வேண்டும். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், ஒரு கூட்டல். மூன்று நிமிட வேலை. தேர்வு முடிந்த மறுநாளே பெரும்பாலோர் மறந்துவிடும் பாடம் இது.

இந்திய அரசுக்கு அந்த வசதி இல்லை. 2011-க்குப் பிறகு நீண்ட காலம் நாட்டின் தலைகளை யாரும் முழுமையாக எண்ணவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கோவிட் தொற்றால் தள்ளிப்போயிற்று. தொற்று அடங்கிய பிறகும் தள்ளிப்போயிற்று. கடைசியில், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஜூனில் அரசிதழில் அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தியாவின் மக்கள்தொகை என்று எந்த எண் சொல்லப்பட்டாலும், அது வீடு வீடாகப் போய் எண்ணிப் பெற்றதல்ல. பழைய புள்ளிகளிலிருந்து இழுத்துப் பெற்றது.

எப்படி இழுப்பது? கணக்கை இந்திய எண்களாலேயே போட்டுப் பார்க்கலாம். கணக்கெடுப்பின் இறுதி எண்களின்படி 2001 மார்ச் 1 அன்று நாட்டின் மக்கள்தொகை 102.87 கோடி. 2011 மார்ச் 1 அன்று 121.09 கோடி. கிராஃப் தாளில் கிடையாக ஆண்டுகளையும் செங்குத்தாக மக்கள்தொகையையும் குறித்தால் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். ஸ்கேலை வைத்து இணைத்தால் கோடு தயார்.

கோட்டைச் சமன்பாடாக மாற்ற இரண்டு விவரங்கள் போதும். முதலாவது சாய்வு. கிடையாக ஓர் அடி நகர்ந்தால் கோடு எத்தனை அடி ஏறுகிறது என்பதன் பெயர்தான் சாய்வு. பத்து ஆண்டுகளில் ஏறியது 121.09 − 102.87 = 18.22 கோடி. பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1.822 கோடி. இரண்டாவது, கோடு எங்கிருந்து புறப்படுகிறது என்பது. ஆண்டுகளை 2001-லிருந்து எண்ணத் தொடங்கினால் புறப்படும் உயரம் 102.87 கோடி. பாடப்புத்தகம் இதை வெட்டுத்துண்டு என்கிறது. ஆக,

மக்கள்தொகை (கோடியில்) = 102.87 + 1.822 × (2001-லிருந்து கடந்த ஆண்டுகள்).

சமன்பாடு முடிந்தது. சரிதானா என்று பார்க்கப் புள்ளிகளைத் திரும்ப அதற்குள் போட வேண்டும். ஆண்டுகள் பூஜ்யம் என்றால் 102.87. பத்து என்றால் 102.87 + 18.22 = 121.09. இரண்டும் பொருந்துகின்றன. புத்தகத்தில் நான்கைந்து எழுத்துகளும் கழித்தல் குறிகளுமாக மிரட்டும் சூத்திரத்தின் உட்பொருளும் இவ்வளவுதான்: நேர்க்கோட்டின் மேல் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும், முதல் புள்ளியிலிருந்து ஏறிய உயரத்தை நடந்த தூரத்தால் வகுத்தால் ஒரே விடைதான் வரும். அந்த விடை மாறினால் அது நேர்க்கோடே இல்லை.

சூத்திரம் கைவிடும் இடம் ஒன்றும் உண்டு. இரண்டு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாகச் செங்குத்தாக நின்றால் நடந்த தூரம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. ஒரே தேதிக்கு இரண்டு மக்கள்தொகை சொல்லப்படும்போது இப்படி ஆகும். 2011 மார்ச் 1-க்கே முதலில் வெளியான தற்காலிக எண் 121.02 கோடி, இறுதி எண் 121.09 கோடி. இவ்விரண்டையும் கோட்டால் சமாதானப்படுத்த முடியாது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாய்வு வெறும் கணக்குச் சொல் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு 1.822 கோடி என்பதை 365 நாட்களுக்குப் பங்கிட்டால் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். பிறந்தவர்களிலிருந்து இறந்தவர்களைக் கழித்து, வந்தவர்களைக் கூட்டி, போனவர்களைக் கழித்த பிறகு மிஞ்சும் எண் இது. ஒரு சிறு நகரத்தின் அளவுக்கு மக்கள், தினமும்.

இரண்டு புள்ளிகள் வழியே எப்போதும் ஒரு கோடு போகும். அதில் புள்ளிகளுக்குப் பெருமை ஏதும் இல்லை. மூன்றாவது புள்ளியும் அதே கோட்டில் விழுகிறதா என்பதே சோதனை. 1991-ஐப் போட்டுப் பார்க்கலாம். 2001-க்குப் பத்தாண்டு முந்தையது என்பதால் 1.822-ஐ −10-ஆல் பெருக்க வேண்டும். விடை 84.65 கோடி. 1991-க்கான அதிகாரபூர்வ எண் 84.64 கோடி. பென்சில் முனையின் அகலம்கூட வித்தியாசம் இல்லை. முழு எண்களில் பார்த்தால், 1991-லிருந்து 2001 வரை கூடியவர்கள் 18,23,16,397 பேர். 2001-லிருந்து 2011 வரை கூடியவர்கள் 18,21,17,541 பேர். இரண்டு பத்தாண்டுகளின் அதிகரிப்புக்கும் இடையே வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. நூறு கோடிப் பேர் வாழும் நாடு இருபது ஆண்டுகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வளர்ந்திருக்கிறது.

வியப்பு அத்தோடு நிற்பதில்லை. அந்த 1991-ஆம் ஆண்டுப் புள்ளிக்குள்ளேயே இன்னொரு சிறு கோடு ஒளிந்திருக்கிறது. தீவிரவாதம் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பு நடத்த முடியவில்லை. முன்கூட்டிய மதிப்பீடு ஒன்றைச் சேர்த்துத்தான் தேசிய மொத்தம் முதலில் 84.63 கோடி என்று அச்சாயிற்று. 2001 கணக்கெடுப்பு முடிந்த பிறகு, எண்ணப்பட்ட இரு ஆண்டுகளுக்கு நடுவே மதிப்பிட்டு, அந்த மாநிலத்தின் 1991 எண்ணிக்கை புதிதாகக் கணக்கிடப்பட்டது. மொத்தம் 84.64 கோடி ஆயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பத்தாண்டு கழித்துக் காகிதத்தில் கூடினார்கள்.

இதற்கு முன்பே அஸ்ஸாம் அந்த வழியில் போய் வந்திருக்கிறது. அந்நியர் எதிர்ப்புக் கிளர்ச்சி கொதித்துக்கொண்டிருந்த 1981-ல் அங்கே கணக்கெடுப்பு நடக்கவில்லை. கையில் இருந்தவை 1971-ன் 1.46 கோடியும் 1991-ன் 2.24 கோடியும். இரண்டு புள்ளிகள் வழியே நேர்க்கோடு போட்டால் நடு ஆண்டான 1981-க்கு 1.85 கோடி வருகிறது. ஆனால் அதிகாரபூர்வ அட்டவணையில் இருப்பது 1.80 கோடி. ஏறத்தாழ ஐந்து லட்சம் குறைவு. காரணம், மக்கள்தொகை கூலிபோல மாதாமாதம் ஒரே தொகையாகக் கூடுவதில்லை. வட்டிக்கு வட்டிபோல, இருப்பதற்கு ஏற்பக் கூடுகிறது. தொடக்கத்தில் கொஞ்சமும் பிறகு அதிகமுமாக ஏறும் அத்தகைய வளைகோடு, இரு முனைகளுக்கு நடுவே நேர்க்கோட்டுக்குக் கீழே தொய்ந்துதான் செல்லும். அட்டவணை எண் அந்தத் தொய்வை ஒட்டி இருக்கிறது.

அஸ்ஸாமின் விஷயத்தில் கோட்டுக்கு இன்னொரு மௌனமும் உண்டு. யார் எப்போது வந்தார்கள் என்பதே கிளர்ச்சியின் கேள்வி. 1985 ஆகஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தம் 1971 மார்ச் 25-ஐ எல்லைக்கோடாக வைத்தது. அந்தத் தேதிக்குப் பிந்தைய முதல் பத்தாண்டைப் பற்றித்தான் எண்ணப்பட்ட சாட்சி எதுவும் இல்லை. 1971-க்கும் 1991-க்கும் நடுவே இழுக்கும் கோடு மொத்தம் எவ்வளவு என்று ஊகித்துச் சொல்லும். அந்த மொத்தத்தில் பிறந்தவர் எத்தனை, எல்லை தாண்டி வந்தவர் எத்தனை, எந்த ஆண்டில் என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. எண்ணாமல் விட்ட ஆண்டை எந்தச் சமன்பாடும் திரும்பக் கொண்டுவருவதில்லை.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 499-ல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் வானியல் கணக்குகளுக்கான சைன் அட்டவணை ஒன்று அடக்கம். அது 225 கலைகளுக்கு ஒரு முறைதான் மதிப்பு தருகிறது. முதல் மதிப்பு 225, அடுத்தது 449. நடுவே உள்ள கோணத்துக்கு மதிப்பு வேண்டுமானால்? இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு ஏற்றம் என்றால் இத்தனை தூரத்துக்கு எத்தனை என்று கேட்கும் திரைராசிகக் கணக்கே கைகொடுத்தது. இன்றைய மாணவன் சாய்வு என்று எழுதுவதன் வேறு பெயர்தான் அது. அந்த அட்டவணையில் அடுத்தடுத்த ஏற்றங்கள் 225, 224, 222, 219 என்று மெல்லக் குறைந்துகொண்டே போகின்றன. அதாவது கோடு போலத் தோன்றுவது உண்மையில் வளைகிறது. வளைவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கிரகத்தின் இடம் தவறும் என்பதை உணர்ந்து, ஏற்றங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை 665-ல் தமது கண்டகாத்யகத்தில் தந்தவர் பிரம்மகுப்தர். நேர்க்கோட்டைப் பயன்படுத்து, ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதே என்பது பதின்மூன்று நூற்றாண்டுப் பழைய பாடம்.

புள்ளிகளுக்கு நடுவே நிற்கும்வரை ஆபத்து குறைவு. இரு பக்கமும் கைப்பிடி இருக்கிறது. கோட்டைப் புள்ளிகளுக்கு வெளியே நீட்டும்போதுதான் வழுக்குகிறது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25.21 கோடிப் பேர் இருந்தார்கள். 1921-ல் 25.13 கோடி. இடையில் 1918-ல் பரவிய விஷக்காய்ச்சல் கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. அந்த இரு புள்ளிகள் வழியே செல்லும் கோட்டுக்குச் சாய்வு கீழ்நோக்கி. அதை 1951 வரை நீட்டினால் விடை 25 கோடிக்கும் கீழே. உண்மையில் 1951-ல் எண்ணப்பட்டவர்கள் 36.11 கோடி. ஒரு கொள்ளைநோயின் நிழலை ஒரு நாட்டின் விதியாக வாசித்த பிழை அது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. 1951-ன் 36.11 கோடியையும் 1961-ன் 43.92 கோடியையும் இணைத்து 1991 வரை நீட்டினால் 67 கோடிதான் வரும். உண்மை எண் 84.64 கோடி. தடுப்பூசியும் மலேரியா ஒழிப்பும் மரணத்தைக் குறைத்த வேகத்தில் பிறப்பு குறையவில்லை; கோடு மேல்நோக்கி வளைந்தது. பிறகு குடும்பங்கள் சிறுத்தன. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் இரண்டு என்று சொல்லிற்று. மேல்நோக்கி வளைந்த கோடு கீழ்நோக்கி வளையத் தொடங்குவதற்கு முன், ஒரு வளைவு முடிந்து மறுவளைவு தொடங்கும் இடத்தில் சற்று நேரம் நிமிர்ந்து நிற்கும். 1991-லிருந்து 2011 வரை தெரிந்த அந்த அதிசய நேர்க்கோடு அப்படிப்பட்ட ஒரு நிமிர்வுதான்.

அதனால்தான் 2021-க்கு நேர்க்கோடு சொல்லும் விடையும் நிபுணர்கள் சொல்லும் விடையும் பிரிகின்றன. மேலே கண்ட சமன்பாட்டில் இருபது ஆண்டுகளைப் போட்டால் 139.31 கோடி. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூன்றையும் வயதுவாரியாகப் பிரித்துக் கணக்கிட்ட தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் நிபுணர் குழு தந்தது 136 கோடிக்குச் சற்று மேல். மூன்று கோடி வித்தியாசம். 2036-க்குப் போனால் கோடு 166 கோடியைத் தாண்டுகிறது. நிபுணர் குழு 152 கோடியில் நிற்கிறது. பதினான்கு கோடிப் பேர் கோட்டின் மேல் மட்டும் வாழ்கிறார்கள்.

தேசிய அளவிலான நேர்மை மாநிலங்களுக்குள் நுழைந்ததும் கலைந்துவிடுகிறது. கேரளத்தில் 1991-2001 பத்தாண்டில் கூடியவர்கள் 27.4 லட்சம், அடுத்த பத்தாண்டில் 15.6 லட்சம். கோடு தரையை நோக்கி வளைகிறது. பிகாரில் முதல் பத்தாண்டில் 1.85 கோடி, அடுத்ததில் 2.11 கோடி. கோடு வானத்தை நோக்கி வளைகிறது. தமிழ்நாடு பிறப்பு விகிதத்தில் கேரளத்தின் பக்கம் இருந்தும், எண்ணிக்கையில் வேறு கதை சொன்னது: முதல் பத்தாண்டில் 65 லட்சமும் அடுத்ததில் 97 லட்சமும் கூடிற்று. ஒன்று குனிய, ஒன்று நிமிர, ஒன்று துள்ள, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தில்லிக்கு நேர்க்கோடு தெரிகிறது. சராசரி என்பதன் சாமர்த்தியம் அது.

புள்ளியே பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நாகாலாந்து உதாரணம். 1991-ல் 12.10 லட்சம் பேர், 2001-ல் 19.90 லட்சம். இந்த இரண்டின் வழியே கோடு போட்டால் 2011-ல் 27.70 லட்சம் வர வேண்டும். எண்ணியபோது கிடைத்தது 19.79 லட்சம். அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலம் நாகாலாந்து. அங்கே கொள்ளைநோயும் இல்லை, பஞ்சமும் இல்லை. எட்டு லட்சம் பேர் எங்கும் போகவும் இல்லை, முதலிலேயே இருக்கவில்லை. தொகுதிகளும் நிதியும் தலை எண்ணிக்கையைப் பொறுத்தவை என்று தெரிந்த ஊர்கள் 2001-ல் தலைகளைக் கூட்டிச் சொல்லியிருந்தன. மாநில அரசே அந்தக் கணக்கை ஏற்க மறுத்தது. கணக்கு வாத்தியார் கொடுக்கும் புள்ளிகளை மாணவன் சந்தேகிக்க வேண்டியதில்லை. நாட்டு நடப்பில் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதெல்லாம் நிபுணர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ரேஷன் கடை வரிசை இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராமப்புற மக்களில் 75 சதவிகிதம் வரை, நகர்ப்புற மக்களில் 50 சதவிகிதம் வரை மலிவு விலை தானியத்துக்கு உரிமை தந்தது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ. 2023 ஜனவரியிலிருந்து அது இலவசமும் ஆயிற்று. எத்தனை பேருக்கு என்பதைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு தீர்மானிக்கிறது: எண்கள் வெளியாகியுள்ள கணக்கெடுப்பின் மக்கள்தொகைப்படி. 2011-ன் 121.09 கோடியை வைத்துக் கணக்கிட்டதில் உச்சவரம்பு 81.35 கோடி என்று வந்தது. நூற்றுக்கு 67 பேர்.

இப்போது கோட்டைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அதே 67 சதவிகிதத்தை 2021-ன் நேர்க்கோட்டு எண்ணுக்குப் பொருத்தினால் 93 கோடிக்கு மேல் வருகிறது. உச்சவரம்பைக் கழித்தால் விடுபட்டவர்கள் பன்னிரண்டு கோடி. நேர்க்கோடு மிகைப்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டு நிபுணர் குழுவின் 136 கோடியை எடுத்தாலும் பத்துக் கோடி. நகரவாசிகளின் பங்கு கூடியிருப்பதால் தேசிய சதவிகிதம் சற்றுக் குறையும் என்று அதையும் கழித்தால்கூட விடை ஒன்பது கோடியை ஒட்டியே நிற்கிறது. எந்தக் கோட்டை எடுத்தாலும், அது மேலே வளைந்தாலும் கீழே வளைந்தாலும், விடுபட்டவர்களின் எண்ணிக்கை கோடிகளில்தான் இருக்கிறது. கோடுகளுக்குள் நடக்கும் சண்டை எத்தனை கோடி என்பதைப் பற்றியது மட்டுமே.

சட்டமோ கோட்டை ஏற்பதில்லை, புள்ளிதான் கேட்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் எண் வெளியாகாதவரை 2011-ன் புள்ளியிலிருந்து கிடையாக, ஏற்றமே இல்லாமல், ஒரு கோடு செல்கிறது. சாய்வு பூஜ்யம். 2011-க்குப் பிறகு இந்தியாவில் யாரும் பிறக்கவில்லை என்று கூறும் சமன்பாடு அது. எண்ணாததால் கோடு இல்லை என்று யாராவது நினைத்தால் அது தவறு. எல்லாக் கோடுகளிலும் மோசமான கோட்டை நாடு தேர்ந்தெடுத்திருக்கிறது.

அதன் சுமை எங்கே அதிகம் என்பதையும் கோடுகளே காட்டும். பிகாருக்கான உச்சவரம்பு 8.71 கோடி. அந்த மாநிலத்தின் 2001, 2011 புள்ளிகளை இணைத்து 2023 வரை நீட்டினால் 12.94 கோடி வருகிறது. அதே ஆண்டு மாநில அரசு நடத்திய சாதிவாரிக் கணக்கெடுப்பு, வெளியூர்களில் வேலைக்குப் போயிருந்தவர்களையும் சேர்த்து, 13.07 கோடிப் பேரைக் கண்டது. கோடு இங்கே பெரிதாக ஏமாற்றவில்லை. 2011-ல் இருந்த அதே விகிதத்தைக் காப்பாற்றுவதானால் உச்சவரம்பு பத்தரைக் கோடியைத் தாண்ட வேண்டும். ஏறத்தாழ இரண்டு கோடிப் பேருக்கு இடம் இல்லை. ஒதுக்கீடு நிரம்பிவிட்ட மாநிலத்தில் புதிதாக ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமானால் யாராவது ஒருவரின் பெயர் நீக்கப்பட வேண்டும். மணமாகி வந்த மருமகளும் 2012-ல் பிறந்த பிள்ளையும் பட்டியலில் ஒரு மரணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு 2027-ல் பதினைந்து வயது. ஆண்டுக்கு அறுபது கிலோ என்று கணக்குப் பார்த்தால், பள்ளிப் பருவம் முழுவதற்குமான தானியம்.

தமிழ்நாடு இந்தச் சிக்கலில் பாதிதான் நனைந்தது. 2016 நவம்பரில் சட்டத்தை ஏற்றபோதும் எல்லோருக்குமான ரேஷன் முறையை அது கைவிடவில்லை. மத்திய ஒதுக்கீட்டுக்கு மேல் ஆகும் செலவை மாநிலம் ஏற்கிறது. அப்படி ஏற்க வசதியுள்ள மாநிலங்கள் குறைவு. வசதி குறைந்த மாநிலங்களில்தான் கோடு செங்குத்தாக ஏறுகிறது.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. புலம்பெயர் தொழிலாளர்கள் வழக்கில் 2021 ஜூனில் வந்த தீர்ப்பு, 9-ஆவது பிரிவின்படி பயனாளிகளின் எண்ணிக்கையை மறுபடி நிர்ணயிக்கும் வேலையை மேற்கொள்ளுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கணக்கெடுப்பு எண்கள் இல்லாமல் வரம்பை மாற்றச் சட்டத்தில் வழி இல்லை என்பதே அரசுத் தரப்பின் நிலை. கூடவே இன்னொரு வாதமும் வைக்கப்பட்டது: வருமானம் உயர்ந்திருக்கிறது, பலர் வறுமையிலிருந்து மேலே வந்திருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சட்டம் வருமானத்தைப் பார்த்து மொத்த எண்ணை வைக்கவில்லை. மக்கள்தொகையின் சதவிகிதமாக வைத்திருக்கிறது. சதவிகிதம் குறைய வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் விவாதித்துக் குறைக்கட்டும். கணக்கெடுப்பு தாமதமானதால் அது தானாகக் குறைந்துபோவதை யாரும் வாக்களித்து முடிவு செய்யவில்லை.

ரேஷனோடும் முடியவில்லை. மாநிலங்களுக்கு எத்தனை மக்களவை இடங்கள் என்பதை 1976-ல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1971-ன் புள்ளியில் உறைய வைத்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆவது திருத்தம் அந்த உறைவை, 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்வரை நீட்டிற்று. அங்கேயும் சாய்வு பூஜ்யம்தான். ஆனால் அது குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்று நாடாளுமன்றம் காரணத்தோடு எடுத்த முடிவு. கோட்டைப் படுக்க வைப்பதற்கும் ஒரு நியாயம் இருக்க முடியும். ரேஷன் வரம்பு படுத்துக் கிடந்ததற்கு அப்படி ஒரு நியாயமும் சொல்லப்பட்டதில்லை.

2027-ன் கணக்கெடுப்பால் எல்லாம் சரியாகிவிடுமா? சென்ற முறை நடந்ததைப் பார்த்தால் அவசரப்பட்டு நம்ப முடியவில்லை. 2011-ல் எண்ணினார்கள். சட்டம் 2013-ல் வந்தது. கடைசி மாநிலங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2016 நவம்பர் ஆயிற்று. எண்ணிய நாளுக்கும் அரிசி கைக்கு வந்த நாளுக்கும் ஐந்தரை ஆண்டு இடைவெளி. 2027-க்குப் பிறகும் இறுதி எண்கள் வெளியாக வேண்டும். மாநிலவாரியாக உச்சவரம்பு பிரிக்கப்பட வேண்டும். பட்டியல்கள் திருத்தப்பட வேண்டும். அதற்குள் கோடு இன்னும் சில கோடி ஏறியிருக்கும்.

செய்யக்கூடியது எளிமையானது. 9-ஆவது பிரிவில் ஒரு வாசகம் சேர்த்தால் போதும்: கணக்கெடுப்பு தாமதமாகும் ஆண்டுகளில், அரசின் சொந்த நிபுணர் குழு தரும் மாநிலவாரி மதிப்பீட்டின்படி வரம்பு ஆண்டுதோறும் நகரட்டும், புதிய எண் வந்ததும் அதன்படி திருத்திக்கொள்ளட்டும். மதிப்பீடு பிழையாக இருக்கலாம். நாகாலாந்தும் அஸ்ஸாமும் அந்த எச்சரிக்கையைத் தந்திருக்கின்றன. ஆனால் அதிகபட்சப் பிழை சில சதவிகிதம்தான் இருக்கும். இப்போது உள்ள பிழை ஒன்பது கோடி.

இதற்கு நிபுணத்துவம்கூட வேண்டியதில்லை. சாய்வு என்றால் என்ன என்று தெரிந்த பத்தாம் வகுப்பு மாணவனிடம் இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் மூன்று நிமிடத்தில் விடை சொல்வான். அவனுடைய தங்கையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்பதை அவனே வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வான்.